தணிகை தந்த தத்துவப் பேரறிஞரும் செஞ்சீனமும்

தமிழகத்தின் வடவெல்லையில் வேங்கடத்தை நோக்கி நிற்கும் மலைத்தலம் திருத்தணிகை. கச்சியப்ப முனிவரின் தணிகைப் புராணமும் அருணகிரியாரின் திருப்புகழும் இத்தலத்தின் பெருமையைத் தமிழுலகுக்கு உணர்த்தியுள்ளன. சூரனோடும் வேடரோடும் பொருத முருகன் சினம் தணிந்து அமர்ந்த இடம் ஆதலின் தணிகை என்னும் பெயர் பெற்றது என்பது தலவரலாறு. அதனாற்றான் கந்தசட்டி விழாவில் ஏனைய முருகன் தலங்களில் சூரசம்மாரம் நிகழும்போது, தணிகையில் அது நிகழ்வதில்லை. மலர் வழிபாடு மட்டுமே நடைபெறுகின்றது.

போர் முடிந்து சினம் ஆறிய இவ்வூரில் பிறந்த ஒருவர், இந்தியக் குடியரசு தன் எல்லையில் பெருந்தோல்வி ஒன்றைச் சந்தித்த காலத்தில் முப்படைகளின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணனைத் தத்துவப் பேராசிரியராகவும், நல்லாசிரியராகவும், நாவன்மை மிக்க பேச்சாளராகவும் நாம் அறிவோம். ஆண்டுதோறும் செப்டம்பர் 5ஆம் நாளில் அவரைப் போற்றும் வழக்கமும் நிலைத்துவிட்டது. ஆயின், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சீனமும் சோவியத்து நாடும் கைகோத்ததையும், கைவிட்டதையும், அவற்றுக்கிடையே இந்தியா இடர்ப்பட்டதையும் மிக அருகிலிருந்து கண்டவர் அவர் என்பது போதிய அளவு பேசப்படவில்லை. அவர்தம் வாழ்வின் அப்பகுதியே இக்கட்டுரையின் பொருள்.

தணிகையிலிருந்து ஆக்ஸ்போர்டு வரை

இராதாகிருஷ்ணன் 1888ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் திருத்தணியில் பிறந்தார். தந்தை வீராசாமி, தாய் சீதம்மா. குடும்பத்தின் வீட்டுமொழி தெலுங்கு. முன்னோர் நெல்லூர்ப் பகுதியிலுள்ள சர்வபள்ளியினர். தந்தையார் ஜமீன் வருவாய்த்துறையில் எளிய பணி பார்த்தவர். வறுமைக்கும் தன்மானத்துக்கும் இடையில் வளர்ந்த பிள்ளைக்கு உதவித்தொகைகளே கல்விக்கு வழிவிட்டன. திருத்தணியில் தொடக்கக் கல்வி. திருப்பதியில் லூதரன் மிஷன் பள்ளி. வேலூரில் ஊரிசுக் கல்லூரி. பின்னர்ச் சென்னைக் கிறித்துவக் கல்லூரி. உறவினர் ஒருவர் படித்து முடித்த தத்துவ நூல்கள் விலையின்றிக் கிடைத்தமையால் அவர் தத்துவத்தைப் பாடமாகக் கொண்டார் என்பது பலரும் அறிந்த செய்தி. புத்தகம் வாங்கப் பணமில்லாமை ஒரு நாட்டுக்கு நன்மையாய் முடிந்தது எனின் மிகையன்று.

1909இல் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியப் பணி ஏற்றார். 1918இல் மைசூர், 1921இல் கல்கத்தா, 1931இல் ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பதவி, 1936இல் ஆக்ஸ்போர்டில் கீழைச் சமயங்களுக்கும் அறவியலுக்குமான பேராசிரியர் பதவி, 1939இல் காசி இந்துப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பதவி என அவர் வாழ்வு படிப்படியாக உயர்ந்தது. 1923, 1927 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளிவந்த இந்தியத் தத்துவம் என்னும் நூல் அவரை உலகறியச் செய்தது. கீழை நாடுகளின் ஞானம் மேலை அறிவுக்கு இளைத்ததன்று என்னும் நம்பிக்கையே அவர் எழுத்துகள் அனைத்துக்கும் அடிநாதம். இந்நம்பிக்கைதான் பின்னாளில் அவரைச் சீனத்துக்கு இட்டுச் சென்றது. அதே நம்பிக்கைதான் 1962இல் கடுஞ்சோதனைக்கும் உள்ளாயிற்று.

சுங்கிங்கில் ஒரு மே மாதம்

1944 மே மாதத்தில் சியாங் கை ஷேக் அரசின் அழைப்பை ஏற்று இராதாகிருஷ்ணன் சீனம் சென்றார். ஜப்பானியப் படையெடுப்பால் கடற்கரை நகரங்களை இழந்த சீன அரசு, உள்நாட்டு மலைநகரமாகிய சுங்கிங்கைத் தலைநகராகக் கொண்டிருந்தது. பர்மா ஜப்பானியர் வசமானதால் தரைவழி அடைபட்டிருந்த காலம் அது. இந்தியாவிலிருந்து சீனத்துக்குப் படைக்கலமும் மருந்தும் இமயத் தொடரைக் கடந்து வானூர்திகளில் சென்றுகொண்டிருந்தன. அந்த நிலையிலும் ஒரு தத்துவப் பேராசிரியரை அழைத்துக் கன்பூசியத்தையும் தாவோயியத்தையும் பௌத்தத்தையும் பற்றிப் பேசக் கேட்ட சீனத்துச் சான்றோரின் பண்பு வியத்தற்குரியது.

அச்சொற்பொழிவுகள் அவ்வாண்டிலேயே இந்தியாவும் சீனமும் என்னும் நூலாக வெளிவந்தன. பாகியானும் யுவான் சுவாங்கும் நடந்த பாதையை நினைவூட்டி, இரு நாடுகளும் படை அனுப்பாமலே ஒன்றையொன்று மாற்றிய வரலாற்றை அந்நூல் விரித்துரைக்கின்றது. போரும் உலகப் பாதுகாப்பும் பற்றிய ஒரு சொற்பொழிவும் அதில் அடங்கும்.

அதே வேளையில் வடமேற்கே ஏனான் மலைக் குகைகளில் மற்றொரு சீனம் உருவாகிக்கொண்டிருந்தது. 1934, 1935 ஆகிய ஆண்டுகளில் நெடும்பயணம் மேற்கொண்டு அங்குச் சேர்ந்த மா சே துங், நாட்டுப்புறத்தைக் கைக்கொண்டு நகரங்களைச் சூழ்தல், வலிய பகைவன் முன் பின்வாங்கிச் சோர்ந்த பகைவனைத் தாக்குதல், காலத்தையே படைக்கலமாக்கி நெடும்போர் புரிதல் என்னும் முறைகளை வகுத்திருந்தார். போரை அரசியலின் தொடர்ச்சியாகவே கண்டவர் அவர். ஐந்தே ஆண்டுகளில், 1949 அக்டோபர் முதல் நாள், அம்முறை வென்றது. சியாங் கை ஷேக் பார்மோசாத் தீவுக்குப் போனார். இராதாகிருஷ்ணனை வரவேற்ற சீனம் மறைந்து, அவர் அறியாத சீனம் எழுந்தது.

கிரெம்ளினில் ஓரிரவு

1949இல் பிரதமர் நேரு இராதாகிருஷ்ணனைச் சோவியத்து நாட்டுத் தூதராக அனுப்பினார். பொதுவுடைமையை ஏலாத ஆன்மிகச் சிந்தனையாளர் ஒருவரை, சமயத்தை மறுக்கும் நாட்டுக்கு அனுப்புவதா என்று பலர் வியந்தனர். அவருக்கு முன் அப்பதவி வகித்த விசயலட்சுமி பண்டிட் ஸ்டாலினை ஒருமுறையேனும் சந்திக்க இயலவில்லை. புதிய தூதரோ ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் பதவியை விடாமலே ஆண்டின் ஒரு பகுதியை அங்கும் எஞ்சியதை மாஸ்கோவிலுமாகக் கழித்தவர். விருந்துகளில் நாட்டமின்றி நூல்களோடு இருந்தவர். தம்மபத மொழிபெயர்ப்பு 1950இலும், முதன்மை உபநிடதங்களின் மொழிபெயர்ப்பு 1953இலும் வெளிவந்தமை அவர்தம் மாஸ்கோ நாள்கள் எங்ஙனம் கழிந்தன என்பதைக் காட்டும்.

1950 சனவரியில் ஓர் இரவு ஸ்டாலின் அவரைக் கிரெம்ளினுக்கு அழைத்துப் பேசினார். கலிங்கப் போரில் வென்ற அசோகன் குருதியைக் கண்டு மனம் மாறிய வரலாற்றை இராதாகிருஷ்ணன் எடுத்துரைத்ததாகவும், தாமும் இளமையில் சமயக் கல்லூரியில் பயின்றவர் என்று ஸ்டாலின் நினைவுபடுத்தியதாகவும் கூறுவர். உலகமே அஞ்சிய ஒருவர்முன் தூதர் ஒருவர் அசோகனை நினைவூட்டத் துணிந்தமை எண்ணத்தக்கது.

அச்சந்திப்பின் காலச்சூழலும் நோக்கத்தக்கது. அதே குளிர்காலத்தில் மா சே துங்கும் சோவியத்து மண்ணில் இருந்தார். 1949 டிசம்பர் 16இல் வந்தவர், இரு மாதங்கள் அங்குத் தங்கினார். தொடக்கத்தில் அவரை ஸ்டாலின் குளிர்ச்சியாகவே நடத்தினார். டிசம்பர் 30இல் இந்தியா புதிய சீன அரசை ஏற்றுக்கொண்டது. பிரிட்டனும் அடுத்துப் பின்பற்றியது. சீனம் மேலை நாடுகளோடு உறவாடக்கூடும் என்னும் எண்ணம் மாஸ்கோவின் இறுக்கத்தைத் தளர்த்திய காரணங்களுள் ஒன்று என்பர் வரலாற்றாசிரியர். சூ என் லாய் வந்து சேர்ந்தார், பேச்சு நீண்டது. 1950 பிப்ரவரி 14இல் நட்பு, கூட்டணி, பரஸ்பர உதவி ஒப்பந்தம் முப்பது ஆண்டுக் காலத்துக்குக் கையெழுத்தாயிற்று. சோவியத்து நாடு 30 கோடி டாலர் கடன் தரவும் இசைந்தது. உலக மக்களில் பெரும்பகுதியினரை ஒரே அணியில் நிறுத்திய அவ்வுடன்படிக்கை உருவான நகரில், அணிசேரா நாடொன்றின் தூதராய் இராதாகிருஷ்ணன் வாழ்ந்துகொண்டிருந்தார்.

கொரியப் போரின் படிப்பினை

1950 சூன் 25இல் கொரியப் போர் மூண்டது. ஐக்கிய நாடுகள் அவையில் சீனத்தின் இடத்தைப் பீகிங் அரசுக்கு அளித்து, அதன்வழிப் போரை நிறுத்தலாம் என்னும் திட்டத்தை இந்தியா முன்வைத்தது. மாஸ்கோவில் அதற்கு அடிகோலியவர் இராதாகிருஷ்ணனே. சூலையில் நேரு ஸ்டாலினுக்கும் அமெரிக்க வெளியுறவுச் செயலர் அச்சிசனுக்கும் எழுதினார். ஸ்டாலின் இசைவாக விடையிறுத்தார், அமெரிக்கா மறுத்துவிட்டது.

அக்டோபர்த் தொடக்கத்தில் பீகிங்கிலிருந்த இந்தியத் தூதர் கே.எம். பணிக்கரை நள்ளிரவில் அழைத்த சூ என் லாய், அமெரிக்கப் படை 38ஆம் இணைகோட்டைத் தாண்டினால் சீனம் வாளாவிராது என்று எச்சரித்தார். இந்தியா அதனை உரியவர்க்குத் தெரிவித்தும் அவர்கள் நம்பவில்லை. அம்மாதம் 19ஆம் நாள் தன்னார்வலர் என்னும் பெயரில் சீனப் படைகள் யாலு ஆற்றைக் கடந்தன. சோவியத்துப் படைக்கலம், சீன வீரர், கொரிய நிலம் என்று கூட்டணி தன் பொறுப்புகளைப் பங்கிட்டுக்கொண்டது. இரவில் மலைவழி ஊடுருவுதல், பகைவனின் முகத்தைத் தாக்காது அவன் பின்வாங்கும் சாலையை அடைத்தல், ஓரிடத்தில் பெரும்படையைக் குவித்துத் திடுமென வீழ்த்துதல் ஆகிய சீன உத்திகளை உலகம் அங்கே கண்டது. இந்தியப் படைத்துறை அவற்றை உற்று நோக்கியிருக்க வேண்டும். பன்னிரண்டாண்டு கழித்து நம் மலைகளில் அவையே மீண்டும் நிகழ்ந்தன.

அதே அக்டோபரில் சீனப் படை கிழக்குத் திபெத்திலுள்ள சாம்டோவைக் கைப்பற்றியது. இந்தியாவின் எதிர்ப்புக் குறிப்பு பயன் தரவில்லை.

எனினும் இராதாகிருஷ்ணனின் மாஸ்கோப் பணி வீண்போகவில்லை. இந்தியாவை ஏகாதிபத்தியத்தின் எடுபிடியாகக் கருதிய சோவியத்துப் பார்வை மெல்ல மாறியது. 1952 சனவரியில் சோவியத்துப் பேராளர் மாலிக், பாதுகாப்பு அவையில் காசுமீரச் சிக்கல் குறித்து மேலை நாடுகளைச் சாடிப் பேசியமை அம்மாற்றத்தின் அடையாளம். 1952 ஏப்ரல் 5இல் விடைபெறச் சென்ற தூதரை ஸ்டாலின் இரண்டாம் முறை சந்தித்தார். பிரியும்போது இராதாகிருஷ்ணன் அவர் கன்னத்தைத் தட்டி வாழ்த்தியதும், தம்மை மனிதராக நடத்தியவர் இவரே என்று அவர் நெகிழ்ந்ததும் பலராலும் சொல்லப்படும் செய்திகள். பதினொரு திங்களில் ஸ்டாலின் மறைந்தார்.

பீகிங்கில் குடியரசுத் துணைத்தலைவர்

1952 மே மாதம் இராதாகிருஷ்ணன் குடியரசுத் துணைத்தலைவரானார். 1954 ஏப்ரல் 29இல் இந்தியாவும் சீனமும் திபெத்து வணிகம் பற்றிய உடன்படிக்கையில் பஞ்சசீலக் கொள்கையைப் பொறித்தன. இந்திய சீன உடன்பிறப்பு முழக்கம் நாடெங்கும் எழுந்தது.

1957 செப்டம்பரில் துணைத்தலைவர் சீனம் சென்றார். தம் இல்ல முற்றத்தில் வரவேற்ற மா சே துங்கின் கன்னத்தையும் அவர் தட்டினார். உடனிருந்தோர் திகைத்தனர். ஸ்டாலினுக்கும் போப்பாண்டவருக்கும் தாம் அவ்வாறே செய்ததாகச் சொல்லி அவர் அத்திகைப்பைப் போக்கினார் என்பர். விருந்தில் மா சே துங் தம் தட்டிலிருந்து இறைச்சித் துண்டொன்றை எடுத்து அன்போடு விருந்தினர் தட்டில் வைத்தார். புலால் உண்ணாத இராதாகிருஷ்ணன் முகம் மாறாமல் அதனை ஏற்று, உண்ணாது விட்டார். அறியாமையால் விளைந்த பிழையை அன்பாகவே கொண்ட பெருந்தன்மை அது.

இதே காலத்தில் நிகழ்ந்த மற்றொன்றையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். சிங்கியாங்கையும் திபெத்தையும் இணைக்கும் நெடுஞ்சாலையைச் சீனம் 1957ஆம் ஆண்டின் அந்த இலையுதிர் காலத்தில்தான் முடித்தது. அச்சாலை இந்தியா தனது எனக் கொண்ட அக்சாய் சின் வழியே சென்றது. சாலை அமைந்த செய்தியைச் சீன இதழ் வெளியிட்ட பின்னரே தில்லி விழித்தது. கன்னம் தட்டிய கையும் இறைச்சி பரிமாறிய கையும் உண்மையானவையே. சாலை வெட்டிய கையும் உண்மையானதே. தனிமனிதரிடையே மலரும் அன்பு நாடுகளிடையே எல்லைக்கல் ஆகாது என்னும் கசப்பான பாடம் அவ்வாண்டிலேயே எழுதப்பட்டுவிட்டது. படித்தறிய ஐந்தாண்டு ஆயிற்று.

இரண்டு எல்லைகள், ஓர் ஏப்ரல்

1959 மார்ச்சில் திபெத்தியர் கிளர்ந்தெழுந்தனர். தலாய் லாமா இந்தியாவில் அடைக்கலம் புகுந்தார். ஆகஸ்டில் லோங்சுவிலும் அக்டோபரில் கொங்கா கணவாயிலும் துப்பாக்கிகள் முழங்கின. அணுப்படைக்கலத் தொழில்நுட்பம் தருவதாக 1957இல் சீனத்துக்கு வாக்களித்த சோவியத்து நாடு 1959 சூனில் அதனைக் கைவிட்டது. செப்டம்பரில் இந்திய சீனப் பூசலில் எப்பக்கமும் சாராமல் அறிக்கை விடுத்தது. 1960இல் சீனத்திலிருந்த தன் வல்லுநர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. முப்பதாண்டுக் கூட்டணி பத்தாண்டிலேயே உள்ளீடற்றுப் போயிற்று.

1960ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் திருத்தணி மக்களுக்கு மறக்கவொண்ணாதது. 1911 முதல் சித்தூர் மாவட்டத்திலும், மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபின் ஆந்திரத்திலும் இருந்த திருத்தணி, அம்மாதம் முதல் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. மங்கலங்கிழாரின் தமிழ்த்தொண்டும், ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகப் போராட்டமும், கே. விநாயகம் முதலியோரின் உழைப்பும் அதன் பின்னே நின்றன. சிறையும் தடியடியும் உயிரிழப்பும் நேர்ந்ததுண்டு. எனினும் முடிவை வகுத்தது நடுவர் படாஸ்கரின் ஆய்வு. சிற்றூரை அலகாகக் கொண்டு, பெரும்பான்மையோர் மொழியையும் நிலத்தொடர்ச்சியையும் நோக்கி எல்லை வரையப்பட்டது. திருப்பதி ஆந்திரத்தில் நின்றது. திருத்தணி தமிழகம் வந்தது. இரு தரப்புக்கும் முழு நிறைவில்லை. ஆயினும் இரு தரப்பும் ஏற்றன. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டு தணிகையில் பிறந்த துணைத்தலைவரின் சொந்த ஊர் இவ்வாறு மாநிலம் மாறியது.

பதினெட்டு நாள் கழித்து, ஏப்ரல் 19இல், சூ என் லாய் தில்லி வந்தார். நேருவோடு பலமுறை பேசினார். இராதாகிருஷ்ணனையும் பிற தலைவர்களையும் சந்தித்தார். கிழக்கில் இந்தியாவின் நிலையையும் மேற்கில் சீனத்தின் நிலையையும் உள்ளபடியே ஏற்கும் குறிப்பு சீனத் தரப்பில் இருந்தது. நாடாளுமன்றமும் மக்களும் கொதித்திருந்த நிலையில் இந்திய அரசு அதற்கு இசையவில்லை. சீனப் பிரதமர் வெறுங்கையோடு திரும்பினார். சென்னைக்கும் ஆந்திரத்துக்கும் நடுவே பொதுவான அரசமைப்பும் பொதுவான நடுவரும் இருந்தமையால் வழக்குத் தீர்ந்தது. தில்லிக்கும் பீகிங்குக்கும் நடுவே அத்தகைய நடுவர் இல்லை. புத்தர் இருந்தார் என்று 1944ஆம் ஆண்டின் இராதாகிருஷ்ணன் சொல்லியிருக்கக் கூடும். ஆனால் 1960இல் அவர் பெயரால் வழக்காட எவரும் இல்லை.

போரும் பொறுப்பும்

1962 மே 13இல் இராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவரானார். அக்டோபர் 20ஆம் நாள் விடியலில் சீனப் படை நம்கா சூ ஆற்றங்கரையிலும் லடாக்கிலும் ஒருங்கே தாக்கியது. சில நாள்களில் தவாங் வீழ்ந்தது. போதிய குளிராடையும் படைக்கலமுமின்றி மலையேற்றப்பட்ட நம் வீரர்கள் வீரத்தோடு பொருதும் நிலைகுலைந்தனர். அக்டோபர் 26இல் குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலையை அறிவித்தார். சுதந்திர இந்தியாவின் முதல் நெருக்கடி நிலை அதுவே. 1968 சனவரி வரை அது நீடித்தமையால், அவர் பதவிக்காலத்தின் எஞ்சிய பகுதி முழுதும் அதன் நிழலிலேயே கழிந்தது.

கியூபாச் சிக்கலில் அமெரிக்காவோடு மோதி நின்ற சோவியத்து நாடு, கூட்டாளியின் துணை வேண்டி, அக்டோபர் 25இல் பிராவ்தா இதழ் வாயிலாகச் சீனத்தின் பக்கம் சாய்ந்தது. கியூபாச் சிக்கல் தீர்ந்ததும் மீண்டும் நடுநிலைக்கு வந்தது. பெரிய நாடுகளின் நட்பு எந்த அளவுகோலால் அளக்கப்படுகின்றது என்பதை அவ்விரு வாரங்கள் காட்டிவிட்டன.

நவம்பர் நடுவில் இரண்டாம் தாக்குதல். ரெசாங் கணவாயில் மேஜர் சைத்தான் சிங்கின் படைப்பிரிவு ஏறத்தாழ முழுதுமாக மடிந்தது. சேலாக் கணவாயை நேரே தாக்காது, அதன் பின்னிருந்த பொம்டிலாச் சாலையைச் சீனர் அடைத்தனர். கொரியாவில் கண்ட அதே உத்தி. அசாம் சமவெளி திறந்து கிடந்த நிலையில், நவம்பர் 21இல் சீனம் தானாகவே போர் நிறுத்தம் அறிவித்துக் கிழக்கில் பின்வாங்கியது. அக்சாய் சின்னைக் கையில் வைத்துக்கொண்டது. எல்லையோடு கூடிய நோக்கம், விரைந்த அடி, உரிய நேரத்தில் விலகல் என்பதே அப்போரின் இலக்கணம். இந்தியத் தரப்பில் 1,383 பேர் மாண்டனர். 1,696 பேர் காணாமற்போயினர். 3,968 பேர் சிறைப்பட்டனர் என்பது அரசுக் கணக்கு.

இங்கேதான் இராதாகிருஷ்ணனின் வாழ்வில் மிகக் கடினமான தருணம் வந்தது. நேரு அவர்தம் நண்பர். அவரை மாஸ்கோவுக்கு அனுப்பியவர். துணைத்தலைவராகவும் தலைவராகவும் வரச் செய்தவர். குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் அறிவுரைப்படி நடப்பவர்; வாய்மூடி இருந்திருப்பினும் எவரும் குறை கூறியிரார். அவர் வாய்மூடவில்லை. எளிதில் நம்பிவிட்ட அரசின் பேதைமையையும், ஆயத்தம் செய்யாத புறக்கணிப்பையும் வெளிப்படையாகவே கண்டித்தார். பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் விலக வேண்டும் என்னும் கருத்துக்கு அவர் ஆதரவு இருந்தது. நவம்பர் 7இல் மேனன் அமைச்சரவையினின்று நீங்கினார். தலைவர் போர்முனைப் பகுதிக்கே சென்று வீரர்களைக் கண்டார்.

நம்பிக்கையின் பேதைமையைப் பிறரிடம் சுட்டியவர், அந்நம்பிக்கையில் தமக்கும் பங்குண்டு என்பதை அறியாதவரல்லர். இந்திய சீன நட்புக்கு நூல் எழுதியவரும், பீகிங் முற்றத்தில் நின்றவரும் அவரே. ஆயின் அவருக்கும் அரசுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பண்பாட்டுறவு பற்றி எழுதுவது அறிஞன் கடமை. எல்லையைக் காப்பது அரசின் கடமை. முன்னதைப் பின்னதற்கு மாற்றாகக் கொண்டதே 1962இன் பிழை. கவிதையைக் காவற்படையாக எண்ணிய அரசைக் குறை சொல்லலாம். அதற்காகக் கவிதையைக் குறை சொல்லுதல் தகாது.

மறுபுறம், அவர் பெயரால் பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டங்களின் வழியே, இந்தியாவில் தலைமுறைகளாக வாழ்ந்த சீன வழியினர் ஏறத்தாழ 3,000 பேர் இராசத்தானத்துத் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். குழந்தைகளும் முதியோரும் அவர்களுள் இருந்தனர். சிலர் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கழித்தனர். சீனத்தின் ஞானத்தைப் போற்றிய பேரறிஞரின் ஆட்சிக்காலத்தில் இது நிகழ்ந்தது என்பதை மறைத்து அவர் வரலாற்றை எழுதுதல் நேர்மையாகாது. போர் எத்தகையோரையும் தன் கருவியாக்கிக்கொள்ளும் என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டுவதில்லை.

தமிழகமும் அப்போரால் மாறியது. திராவிட நாட்டுப் பிரிவினைக் கோரிக்கையைப் பேரறிஞர் அண்ணா ஒத்திவைத்து, பின்னர்க் கைவிட்டார். பிரிவினைப் பரப்புரையைத் தடுக்கும் பதினாறாம் அரசமைப்புத் திருத்தம் 1963 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தபோது அதற்கு ஒப்புதல் தந்தவர் தணிகையில் பிறந்த தலைவரே. 1964இல் இந்தியப் பொதுவுடைமைக் கட்சி இரண்டாகப் பிளந்ததிலும் மாஸ்கோ பீகிங் பிளவுக்குப் பங்குண்டு.

இறுதிக் காலம்

1963 சூனில் அமெரிக்கா சென்று கென்னடியைச் சந்தித்த இராதாகிருஷ்ணன், 1964 செப்டம்பரில் சோவியத்து நாட்டுக்கும் சென்றார். அடுத்த திங்களில் குருஷ்சேவ் பதவி இழந்தார். சீனம் தன் முதல் அணுகுண்டை வெடித்தது. இரண்டும் ஓரிரு நாள் இடைவெளியில் நிகழ்ந்தன. மே மாதத்திலேயே நேரு மறைந்திருந்தார். 1965 செப்டம்பரில் பாகிஸ்தானோடு போர் நடந்துகொண்டிருக்கையில் சீனம் இறுதி எச்சரிக்கை விடுத்தது. இம்முறை இந்தியா கலங்கவில்லை. சீனமும் போரில் இறங்கவில்லை.

1967 மே மாதம் பதவி நீங்கிச் சென்னை மயிலையிலுள்ள தம் இல்லத்துக்குத் திரும்பினார். எட்டாண்டுக் காலம் அங்கே வாழ்ந்தார். அவ்வில்லம் அமைந்த சாலை இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. 1969இல் உசுரி ஆற்றங்கரையில் சோவியத்து வீரரும் சீன வீரரும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட செய்தியும், 1971 ஆகஸ்டு 9இல் இந்திய சோவியத்து நட்புறவு உடன்படிக்கை கையெழுத்தான செய்தியும் அவர் வாழ்நாளிலேயே வந்தன. இருபத்தோராண்டுக்கு முன் மா சே துங்குக்குத் திறந்த கிரெம்ளின் கதவு இப்பொழுது இந்தியாவுக்கு விரியத் திறந்திருந்தது. அக்கதவை முதலில் தட்டியவர் அவரே. 1975 ஏப்ரல் 17இல் அவர் மறைந்தார். 1950ஆம் ஆண்டின் சீன சோவியத்துக் கூட்டணி 1980இல் புதுப்பிப்பாரின்றிக் காலாவதியாயிற்று.

கூட்டணிகள் அச்சத்தால் பிறக்கின்றன. அச்சம் இடம் மாறும்போது தாமும் இடம் மாறுகின்றன. நூல்களும் மொழிபெயர்ப்புகளும் அங்ஙனம் மாறுவதில்லை. அவை எல்லையைக் காவா. ஆனால் எல்லைக்கு அப்பால் இருப்பவனும் மனிதன் என்பதை மறவாது காக்கும். இவ்விரண்டு காவலும் ஒரு நாட்டுக்கு வேண்டும் என்பதும், ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்ய முற்படலாகாது என்பதும் இராதாகிருஷ்ணன் வாழ்வினின்று நாம் பெறும் தெளிவு. சொல்லை ஆள்வோர் அதன் ஆற்றலோடு அதன் எல்லையையும் அறிதல் வேண்டும். நண்பரின் அரசே ஆயினும் பிழை கண்டவிடத்துச் சொல்லும் துணிவும் அவர்க்கு வேண்டும். அத்துணிவு 1962ஆம் ஆண்டின் இருண்ட நாள்களில் தணிகை மண்ணின் மைந்தரிடம் இருந்தது.